அண்ணி வறுத்த மணல்

என் அண்ணிக்கு எதிரில் யாரையும் கைராசி இல்லாதவர் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. என் அம்மாவே ஒருமுறை மாட்டிக்கொண்டாள். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த புதிது. அவள் உறை ஊற்றிய தயிர் தோயாமல் நூல் நூலாக நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி, "அவ கைராசி அப்டி" என்றாள். வேறு மருமகளாக இருந்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போயிருப்பாள். அண்ணி இரண்டு கிண்ணங்களை எடுத்தாள். ஒரே பால், ஒரே உறைமோர். ஒன்றில் அம்மாவை ஊற்றச் சொன்னாள், இன்னொன்றில் தான் ஊற்றினாள். விடிந்து பார்த்தால் இரண்டு கிண்ணத்திலும் நூல்.

"அத்தே, உங்க கைலயும் ராசி போய்டுச்சா, இல்ல அந்தப் பால்காரன் இன்னாத்தயோ கலந்து ஊத்திகினு கீறானா?" என்று கேட்டாள். அம்மா அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாள் பால்காரரை மாற்றிவிட்டாள்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "உன்ன யார்டீ எம்பேர எழுதச் சொன்னது" என்று போனில் பிடித்துக்கொள்வாள். அண்ணி என்றே இருக்கட்டும். என் அண்ணன் குவைத்தில் டிரைவராக இருந்தான். நான் திருப்பதியில் கல்லூரியில் சேர்ந்தபோது, தனியாக இருந்த அவளுக்குத் துணையாக என்னையும், ஹாஸ்டல் வேண்டாம் என்பதால் எனக்குத் துணையாக அவளையும் ஒரே வீட்டில் வைத்தார்கள். இரண்டு அறை, ஒரு குழாய், வாசலுக்கு நேரே ஒரு எஸ்.டி.டி. பூத். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரில் பாதிப் பேர் அந்தப் பூத்தில் நின்று வளைகுடாவோடு கத்திக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி வேலைக்குப் போனாள். ரேணிகுண்டா சாலையில், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்று புதிதாக வந்திருந்தது. அங்கே அவள் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்குத் தையல் எப்போதும் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகும். சூப்பர்வைசர் அந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, "உன் கைக்கு மாடு கறக்கத்தான் தெரியும்" என்றாராம். அண்ணி எழுந்து போய் அந்த மிஷினில் நூலைக் கழற்றினாள். கோடு போட்ட காகிதம் ஒன்றை ஊசிக்குக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பெடலை மட்டும் மிதித்தாள். ஊசி போட்ட ஓட்டைகள் கோட்டை விட்டு இடது பக்கமாக வளைந்து போயிருந்தன.

"இப்ப இங்க யார் கை கீது சார்?" என்று கேட்டிருக்கிறாள்.

மிஷினைச் சரி செய்ய ஆள் வந்தான். அந்தப் பெண்ணின் வேலை பிழைத்தது. அண்ணியைப் பொத்தான் தைக்கும் பகுதிக்குத் தூக்கிப் போட்டார்கள். அதைப் பற்றி அவளுக்கு வருத்தமே இல்லை. ஆனால் மாடு கறப்பதைக் கேவலமாகச் சொன்ன அந்த வாயைப் பற்றி அவள் வருஷக் கணக்கில் பேசினாள்.

"கைய எடுத்துட்டுப் பாரு." இதுதான் அவள் பேச்சு. ஒருவரைத் திட்டுவதற்கு முன்னால் அந்த வேலையிலிருந்து அவர் கையை எடுத்துவிட்டுப் பார். அப்போதும் அதே கோணல் வந்தால் அவரை விட்டுவிடு. சொல்லிச் சொல்லி எங்கள் காதே புளித்துப்போனது. அவளுக்கு அது ஒரு நோயாகவும் இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். குழம்பில் உப்பு கூடிவிட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். உப்பு டப்பாவை எடுத்து வந்து நாக்கில் வைத்துப் பார்த்து, "இந்த உப்பு ஜாஸ்தி கரிக்குது, போன பாக்கெட் இப்டி இல்ல" என்பாள். அண்ணன் லீவில் வந்திருந்தபோது இதைக் கேட்டுச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. பழைய பாக்கெட் கடையில் இருக்கிறதா என்று பார்த்து வர என்னை அனுப்பினாள்.

இப்படிப்பட்டவள் துப்பாக்கிக்கும் வந்து சேர்ந்தாள் என்றால் அதற்கு நான்தான் காரணம்.

கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தபோது நான் முதல்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டேன். எனக்கு அது வந்தது. ஏன் வந்தது என்று தெரியாது, வந்தது. சித்தூருக்கு வெளியே ஒரு குன்றின் அடியில் ரைபிள் கிளப் ஒன்று இருந்தது. என்.சி.சி. மேடம் சிபாரிசு செய்து என்னை அங்கே பிஸ்டல் சுடச் சேர்த்துவிட்டார். ஞாயிறுதோறும் காலை பஸ் பிடித்துப் போவேன். ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பெண்களை எடுக்கிறார்கள் என்று மேடம்தான் சொன்னார். அதற்கு மாநிலப் போட்டியில் சுட்டிருக்க வேண்டும். மாநிலப் போட்டிக்குக் கிளப் அனுப்ப வேண்டும். கிளப் அனுப்ப வேண்டுமானால் கிளப் போட்டிகளில் மூன்று தடவை நல்ல மார்க் எடுத்திருக்க வேண்டும். வயது வரம்புப்படி எனக்கு அந்த ஒரு வருஷம்தான் மிச்சம்.

எங்கள் நிலம் புத்தூருக்குப் பக்கத்தில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி. வேர்க்கடலை பிடுங்கும்போது நைனா தலை நிமிர்ந்து போகிற ரயிலைப் பார்ப்பார். மகள் அந்த ரயிலுக்குச் சொந்தக்காரி ஆகிவிடுவாள் என்ற கணக்கில் பார்ப்பார். அக்கம்பக்கத்தில் ஒருவர் விடாமல் சொல்லியும் வைத்திருந்தார்.

கிளப்பில் இரண்டு பிஸ்டல்கள் இருந்தன. இரண்டும் ஒரே ரகம். ஒன்றைப் பெரும்பாலும் யாரும் தொட மாட்டோம். அது கிரானைட்காரருக்கு. குப்பம் பக்கம் மலையை அறுத்து ஜப்பானுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பெரிய மனிதர் அவர். சுடும் இடமான ரேஞ்சுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். அவர் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பிஸ்டல் அவருக்காகப் பெட்டிக்குள் காத்திருக்கும். மற்றவர்களுக்கு மற்றது. அந்த மற்றதைத்தான் கிளப் செக்ரட்டரி ஹைதராபாத்துக்குத் தானே போய், தானே பொறுக்கி எடுத்து வந்திருந்தார். அதை எல்லாரிடமும் சொல்லுவார்.

அந்தப் பிஸ்டலில் நான் சுட்டால் ஒரு குண்டு நடுவில் விழும். அடுத்தது இடது பக்கம் கீழ் மூலையில். அதற்கடுத்தது கறுப்பு வட்டத்துக்கு மேலே எங்கோ. மூச்சைப் பிடித்தேன், காலை மாற்றி வைத்தேன், சாமி கும்பிட்டேன். எதற்கும் மசியவில்லை. கிளப் போட்டிகளிலும் அதே கதைதான். செக்ரட்டரி டார்கெட் காகிதத்தைப் பார்த்துவிட்டு என் மணிக்கட்டைத் தட்டினார்.

"சூடம்மா, துபாக்கிலோ ஏமீ லேது. அந்தா சேதிலோனே உந்தி."

துப்பாக்கியில் ஒன்றுமில்லையாம். எல்லாம் என் கையில்தான் இருக்கிறதாம். மணிக்கட்டு உள்ளே நெகிழ்ந்திருக்கிறது, புத்தூருக்குப் போய்க் கட்டு போட்டுக்கொண்டு வா என்றார். எனக்கு முன்னால் அதே பிஸ்டலைச் சுட்டவள் ஒரு ஹெட் கான்ஸ்டபிளின் மகள். அவளுக்குக் கை நடுக்கம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவளும் நம்பிக்கொண்டு, கை நடுங்குகிறதா என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்தபடியே போய்விட்டாள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நைனா என்னைப் புத்தூருக்குக் கூட்டிப்போனார். எங்கள் பக்கத்தில் கையோ காலோ பிசகினால் டாக்டருக்கு முன்னால் புத்தூர்தான். கட்டுப் போடுகிற பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து, திருப்பி, அமுக்கிப் பார்த்தார். "எலும்புல ஒண்ணும் இல்லப்பா, நரம்பும் சரியாத்தான் கீது. கூட்டிகினு போ" என்றார்.

நைனாவுக்கு அது போதவில்லை. "அப்டி சொல்லாதீங்க. இவ்ளோ தூரம் வந்துட்டோம். கிளப்புல பெரிய மனுஷன் சொல்லி அனுப்பிகீறாரு. ஒரு கட்டு போட்டு உட்ருங்க" என்று கெஞ்சினார். பெரியவர் மறுத்துப் பார்த்தார். வரிசையில் இருந்தவர்கள் நைனாவுக்காகப் பரிந்து பேசினார்கள். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே, எண்ணெய் தடவி, துணியைச் சுற்றி, பேருக்கு ஒரு கட்டு போட்டார். நல்ல கைக்குக் கட்டு வாங்கிக்கொண்டு நானும் நைனாவும் ஏதோ காரியம் முடிந்தவர்களைப் போல பஸ் ஏறினோம்.

அண்ணி கதவைத் திறந்து என் கையைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று சொன்னேன். அவள் முகம் அப்படிச் சிவந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஏம் மாமா, கட்டறவரே ஒண்ணும் இல்லன்னு சொன்னாரு இல்ல? அப்பறம் எதுக்கு இத்தச் சுத்திகினு வந்தீங்க? கட்டு போடணும்னா அந்த இரும்புக்குப் போடணும்!"

"கிளப்புக்காரரு படிச்சவரும்மா. தெரியாமயா சொல்வாரு?"

"தெரிஞ்சே சொல்லிகினு கீறாரு. அதான் எனக்கு எரியுது."

கட்டோடு சுட்டேன். கட்டை அவிழ்த்துவிட்டுச் சுட்டேன். குண்டுகள் அதே மாதிரி நாலா பக்கமும் போயின. அடுத்த ஞாயிறு அண்ணி என்னோடு சித்தூர் பஸ்ஸில் ஏறினாள். ரேஞ்சில் செக்ரட்டரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவள் போய் நின்று, "சார், இவ கைய எடுத்துட்டு அந்தத் துப்பாக்கிய மட்டும் சுட்டுப் பாக்கணும்" என்றாள். கிரானைட்காரர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"கை இல்லாம துப்பாக்கி எப்படிம்மா நிக்கும்? அதுக்கு ஃபாரின்ல ஸ்டாண்ட் இருக்கு. நம்மகிட்ட இல்ல. நீ ஒரு ஸ்டாண்ட் கொண்டு வா, நான் சுடவைக்கிறேன்" என்றார் செக்ரட்டரி. தமிழில்தான் சொன்னார். அவளுக்கு நன்றாகப் புரிய வேண்டும் என்று.

கொண்டு வர மாட்டாள் என்று நினைத்தார். அவர் அண்ணியை அறியவில்லை.

முதலில் அவள் கொண்டு போனது வைஸ். எங்கள் தெருவில் சைக்கிள் பட்டறைக்காரர் இரும்பைக் கடித்துப் பிடிக்கவைக்கும் வைஸை, ஒரு நாள் இரவல் கேட்டு, வாய்க்குள் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி, சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் அதற்கும் சேர்த்து இடம் பிடித்தாள். செக்ரட்டரி தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். துப்பாக்கியில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு, போல்ட் போட மேஜையில் ஓட்டை போட விடமாட்டேன் என்றார். அதில் நியாயம் இருந்தது. அண்ணியும் அதை ஒப்புக்கொண்டாள்.

அடுத்து தலையணை. இலவம்பஞ்சு அடைத்தது. அவள் தலைக்கு வைத்துக்கொள்வது. அதன் மேல் பிஸ்டலைப் படுக்கவைத்து நான் பிடித்துச் சுட்டேன். ஒவ்வொரு குண்டுக்கும் பஞ்சு அமுங்கியது. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குறி பார்க்க வேண்டியிருந்தது. டார்கெட்டில் குண்டுகள் மேலிருந்து கீழே வரிசையாக இறங்கின. கிரானைட்காரர் எட்டிப் பார்த்து, "துப்பாக்கிக்கு நல்லாத் தூக்கம் வந்திருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அண்ணி சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. தலையணையில் பிஸ்டல் ஏற்படுத்திய பள்ளத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெத்துனு இருந்தா ஆவாது. அமுங்கணும், ஆனா அமுங்கின எடத்துலயே நிக்கணும்" என்றாள்.

மூன்றாவது, மணல் மூட்டை. சுவர்ணமுகி ஆற்றில் மணல் அள்ளி வந்தாள். நகரித் தறியில் நெய்த கெட்டித் துணியை வாங்கி, இரட்டைத் தையல் போட்டு இரண்டு மூட்டைகள் தைத்தாள். இங்கேதான் அவள் தப்பு செய்தாள். தையல்காரிக்குத் துணியில் சுருக்கம் இருந்தால் பொறுக்காது. ஒரு சுருக்கமும் இல்லாமல் முட்ட முட்ட மணலை அடைத்துத் தைத்துவிட்டாள். ஆற்று மணலின் ஈரமும் சேர்ந்து, மூட்டை செங்கல்லாக இறுகிவிட்டது. போதாக்குறைக்கு நான் குழலைக் கொண்டுபோய் அதன் மேலே வைத்தேன். சுட்டதும் பிஸ்டல் மூட்டையிலிருந்து எகிறியது. குண்டுகள் டார்கெட்டைத் தாண்டி மேலே மண்மேட்டில் போய்ப் புதைந்தன. காகிதத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை.

செக்ரட்டரி வெற்றுக் காகிதத்தை அண்ணி முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். "இதுவும் துப்பாக்கி தப்பாம்மா?"

"இல்ல சார். இது என் தப்பு" என்றாள் அவள். உப்பு விஷயத்தில்கூட ஒப்புக்கொள்ளாதவள் அவர் முன்னால் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "போதும் அண்ணி, எனக்கு இந்த வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று அழுதேன்.

"நீ வேணான்னா உட்டுடு. ஆனா கை கெட்டுதுன்னு ஒத்துகினு உடாத. துப்பாக்கிய சோதிச்சுட்டு, அப்பறம் வேணான்னு சொல்லு" என்றாள். அழுகிற ஆளைத் தட்டிக்கொடுக்க அவளுக்கு வராது.

அந்த வாரம் அவள் மூட்டையைப் பிரித்தாள். மணலைச் சல்லடையில் சலித்தாள். பிறகு அடுப்பில் பெரிய இரும்பு வாணலியை ஏற்றி, கடலை வறுப்பதற்கு மணலைச் சூடாக்குவோமே, அப்படிப் போட்டு வறுத்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் வாணலியில் மணலை வறுத்தவர்கள்தான். அதில் கடலை இல்லாமல் வறுத்தவள் அவள் ஒருத்திதான். வீட்டுக்காரம்மா வந்து, "வேர்க்கடல எங்கம்மா?" என்று கேட்டார். "வேர்க்கடல இல்லீங்க, இதேதான்" என்றாள். பொலபொலவென்று உலர்ந்த மணலை முக்கால் பங்கு மட்டும் நிரப்பினாள். மூட்டை தொளதொளவென்று சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கத்தைப் பார்க்க அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முஷ்டியால் குத்தினாள். குத்திய பள்ளம் அப்படியே நின்றது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

மேஜையையும் அவள் விட்டுவைக்கவில்லை. மறு ஞாயிறு ரேஞ்சுக்குப் போனதும் மேஜை மேல் ஒரு சொம்பில் தண்ணீர் வைத்து, குண்டு இல்லாத பிஸ்டலின் விசையை என்னை இழுக்கச் சொன்னாள். நான் முழங்கையை ஊன்றியதற்கே தண்ணீர் குலுங்கியது. ரேஞ்சின் பின்னால், மெம்பர்கள் டிபன் வைத்துச் சாப்பிடுவதற்கென்று செங்கல் அடுக்கி அதன் மேல் போட்ட கடப்பாக் கல் ஒன்று இருந்தது. கூட வந்திருந்த நைனாவும் வாட்ச்மேனும் அதைச் செங்கல்லோடு தூக்கி வந்து சுடுகிற இடத்தில் போட்டார்கள். சொம்பை வைத்துப் பார்த்தோம். தண்ணீர் அசையவில்லை. கல்லின் மேல் மூட்டைகள். முன் மூட்டையின் பள்ளத்தில் துப்பாக்கியின் அடிப்பாகம் படுக்க, குழல் எதையும் தொடாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின் மூட்டையில் என் இரண்டு மணிக்கட்டும்.

செக்ரட்டரி வந்து பார்த்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்காமல், கடைசியில், "இன்னும் உன் கைதானே அதைப் பிடிச்சிருக்கு?" என்றார்.

அண்ணி இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி எழுந்தாள்.

"ஆமா சார். கைய முழுசா எடுக்க முடியல. நானும் எவ்ளோ யோசிச்சுப் பாத்துட்டேன். அதனால கை அப்டியே இருக்கட்டும். மூட்டையும் அப்டியே இருக்கட்டும். துப்பாக்கிய மட்டும் மாத்துங்க. இதுல அஞ்சு, அந்தப் பொட்டில கீறதுல அஞ்சு. இவ கை வேணான்னா உங்க கைய வைங்க. யார் கைய வேணாலும் வைங்க."

பெட்டியில் இருப்பது கிரானைட்காரருடையது, தரமாட்டேன் என்று செக்ரட்டரி சொல்லப் பார்த்தார். ஆனால் கிரானைட்காரருக்கு அதற்குள் ஆர்வம் வந்துவிட்டது. வேடிக்கைக்காகத்தான். "நானே சுடறேன்" என்று வந்து உட்கார்ந்தார். தன் பிஸ்டலில் ஐந்து சுட்டார். காகிதத்தைக் கொண்டு வந்தார்கள். ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம் போல ஒட்டிக்கொண்டிருந்தன. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு என் பிஸ்டலை எடுத்தார். அதே கல், அதே மூட்டை, அதே மோதிரம் போட்ட விரல்கள். காகிதம் வந்தது. ஒன்று நடுவில், ஒன்று இடது கீழ் மூலையில், மற்றவை ஆளுக்கொரு திசையில்.

"ஏமய்யா இதி, கோழிக்குத் தீனி தூவின மாதிரி!" என்றார் கிரானைட்காரர். திரும்ப ஒருமுறை சுட்டார். திரும்பவும் தூவியது. துப்பாக்கியை ஆட்டிப் பார்த்தார். குழல் தன் இடத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கையை வைத்து அழுத்தியபோது எல்லாருக்கும் தெரிந்தது.

பிறகு அவருடைய பிஸ்டலில் என்னைச் சுடச் சொன்னார். மூட்டை வேண்டாம் என்று எழுந்து நின்று, கையை நீட்டி, புத்தூரில் சும்மா கட்டு வாங்கிய அதே கையால் சுட்டேன். எல்லாம் கறுப்பு வட்டத்துக்குள் போயின. நைனா காகிதத்தை வாங்கி, துளைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டார். மருமகளை மாமனார் கும்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் இவ்வளவு கோபமாக எழுத வேண்டியதில்லை.

செக்ரட்டரிக்கு முகம் சுண்டவில்லை. நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா, ஒத்துக்கறேன். துப்பாக்கிதான் பழுது. ரிப்பேருக்கு அனுப்பிடலாம்" என்றார். நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். செக்ரட்டரி தொடர்ந்தார். "பழுதான துப்பாக்கியில சுட்ட மார்க்கை எல்லாம் கணக்குல எடுக்க முடியாது இல்லையா? அதனால இந்தப் பொண்ணு இந்த வருஷம் ஒரு போட்டியிலயும் சுடாத மாதிரிதான். மூணு மார்க் இல்லாம நான் எப்படி அனுப்பறது? ரூல்ஸ் அப்படி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்கு அடுத்த வருஷம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். மேடம் அவரிடம் சொல்லித்தான் என்னைச் சேர்த்திருந்தார்.

"சார்" என்றாள் அண்ணி. அவள் குரல் கீழே இறங்கியிருந்தது. "கை கெட்டுதுன்னு சொல்லும்போது அந்த மார்க்கு எல்லாம் இருந்துச்சு. அத்தக் காட்டித்தான் கட்டு போட அனுப்புனீங்க. துப்பாக்கி கெட்டுதுன்னு ஆனதும் மார்க்கே இல்லாம பூடுச்சா?"

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

"இந்தத் துப்பாக்கில இப்பவே மூணு தடவ சுடட்டும். இப்பதான் பாத்தீங்க இல்ல? போட்டி வைங்க."

"போட்டி எல்லாம் முடிஞ்சு போச்சு. நீ துப்பாக்கியை சோதிக்கணும்னு கேட்ட, சோதிச்சாச்சு. அது வேற, இது வேற."

நான் கிரானைட்காரரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்திருக்கும். கூரை போட்டவர் சொல்லை அங்கே யார் தட்டுவார்கள்? அவர் தன் பிஸ்டலைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். நல்லவர் என்றுதான் ஊரில் பெயர். எனக்கு அவர் மேல்தான் இன்றைக்கும் அதிகக் கோபம். செக்ரட்டரி தன் தப்பை மூடிக்கொள்ள ஓடியவர். இவருக்கு மூடிக்கொள்ள என்ன இருந்தது? வேடிக்கை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நைனா, "உடும்மா, போலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அண்ணி கல்லின் அருகே போய் மூட்டைகளை எடுக்கக் குனிந்தாள்.

அப்போது செக்ரட்டரி, உண்மையாகவே நல்ல மனதோடு, பாராட்டுகிற குரலில் சொன்னார்: "அந்த மூட்டைங்க நல்லா வந்திருக்கும்மா. இங்கயே விட்டுட்டுப் போ. கிளப்புக்கு உபயோகப்படும்."

அண்ணி நிமிர்ந்தாள். தையல்காரிகள் இடுப்பில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி ஒன்று வைத்திருப்பார்கள். அதை எடுத்தாள். முதல் மூட்டையின் வாயில் அவள் போட்ட இரட்டைத் தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். அவசரப்படவில்லை. மூட்டையைத் தலைகீழாகப் பிடித்தாள். வறுத்த மணல் கடப்பாக் கல்லின் மேல் கொட்டி, விளிம்பு தாண்டி, செக்ரட்டரியின் பாலிஷ் போட்ட செருப்பின் மேலும் விழுந்தது. இரண்டாவது மூட்டையையும் பிரித்துக் கொட்டினாள். துணி இரண்டையும் உதறி, நான்காக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"மண்ணு ஆத்துது, வெச்சிக்கோங்க" என்றாள். "தச்சது நானு."

பிறகு என் கையைப் பிடித்தாள். வலது கையை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதை விடவே இல்லை.